எம்லின் ப்ரோபெர்ட் தூக்காத கை

எம்லின் ப்ரோபெர்ட் இறந்ததற்கு எங்கள் ஊர் வாரப் பத்திரிகை ஆறு வரி ஒதுக்கியிருந்தது. ஐந்து வரிகளில் குற்றமில்லை. எங்கே பிறந்தார், எந்தெந்த கால்பந்து கிளப்புக்கு ஆடினார், வேல்ஸ் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம், வயது எழுபத்தெட்டு, அடக்கம் வெள்ளிக்கிழமை. ஆறாவது வரி இது: "1980 ஜனவரியில் கமிட்டியோடு மனமொத்துப் பேசி, கும்டெர்வென் டவுன் கிளப்பின் மேனேஜர் பதவியிலிருந்து விலகினார்."

மனமொத்தாம். எழுதியவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கிளப்பில் கேட்டதை எழுதியிருக்கிறான், அவனைத் திட்டிப் பயனில்லை. திட்ட வேண்டியவர்களில் ஐந்து பேர் மேட்டுக் கல்லறையில் படுத்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அந்தக் கமிட்டியின் செயலாளர், பெயர் மென்னா, வயது எண்பத்தொன்று. அன்றைக்கு மினிட்ஸ் எழுதிய பேனா என் கையில்தான் இருந்தது.

எம்லினை எனக்குச் சட்டை போடாத வயதிலிருந்து தெரியும். எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி அவர் வீடு. அவர் அப்பாவும் என் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட். எம்லினும் பதினைந்து வயதில் கீழே இறங்கினார். பதினேழில் இங்கிலாந்தின் வடக்கே இருந்த ஒரு கிளப்பிலிருந்து தொப்பி போட்ட ஒரு ஆள் வந்தார். அம்மாவோடு முன்னறையில் டீ குடித்தார். அடுத்த வாரம் எம்லின் ரயில் ஏறினார், அவர்கள் வீட்டுக்கு ஒரு சலவை மிஷின் வந்து இறங்கியது. எங்கள் தெருவின் முதல் மிஷின் அதுதான். "பையனக் குடுத்துட்டு மிஷின் வாங்கினவ"ன்னு தெருப் பெண்கள் அந்த அம்மாவை வருஷக்கணக்கில் கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்துகொண்டே அவரவர் படுக்கை விரிப்புகளை அங்கே கொண்டுபோய்த் துவைத்துக்கொண்டார்கள்.

பதினாறு வருஷம் அங்கே ஆடினார். நடுத் தடுப்பாளர். கோல் போடுகிறவனை ஊர் தோளில் தூக்கும். கோல் விழாமல் தடுக்கிறவன் நெற்றியில் தையலோடு வீட்டுக்குப் போவான். முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு லீக் ஆட்டங்கள். கடைசி நான்கு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் கிளப் டாக்டர் வந்து வலது முட்டியில் மரத்துப்போகிற ஊசி போடுவார். எம்லின் எழுந்து நின்று இரண்டு முறை குதித்துப் பார்ப்பார். வலிக்காது. ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை முட்டி பூசணிக்காய் அளவு வீங்கிக் கிடக்கும். முப்பத்துமூன்று வயதில், இனி ஊசிக்கும் அடங்காது என்று தெரிந்த வாரம், கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் சேவைக்கு நன்றி. அதற்குப் பிறகு சாகும்வரை எம்லின் மாடிப்படியில் முன்பக்கமாக இறங்கியதில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி, பின்பக்கமாகத்தான் இறங்குவார்.

அடுத்தபடியாக இங்கிலாந்திலேயே ஒரு கடைநிலை கிளப்பில் மேனேஜர். பதினான்கு மாதம். கம்பளம் விற்கிற ஒரு முதலாளி அதற்குத் தலைவர். தன் மருமகனை அணியில் போடச் சொன்னார். எம்லின் போடவில்லை. பதவி போனதை பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர் சொல்லித்தான் எம்லின் தெரிந்துகொண்டார். அந்தக் கதையை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். எங்கள் கதையை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை.

1975இல் ஊருக்குத் திரும்பி வந்தார். எங்களுடையது சின்ன கிளப். முழுநேர மேனேஜரை வைத்துக்கொள்ள வக்கில்லை. அதனால் பகலில் முனிசிபல் நீச்சல் குளத்தில் காவலாளி, சாயங்காலம் எங்கள் மேனேஜர். செவ்வாய்தோறும் அணிப் பிள்ளைகளைக் குளத்தில் இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் நடக்க விடுவார். பிள்ளைகள் "நாங்க என்ன வாத்தா பாஸ்?" என்று கேட்பார்கள். "வாத்து நொண்டிப் பாத்திருக்கியா?" என்பார். நாலு வருஷத்தில் ஒருவனுக்கும் முட்டி போகவில்லை. ஒரு டிவிஷன் மேலேயும் ஏறினோம்.

அவரிடம் ஒரு குறை உண்டு. எதையும் விளக்க மாட்டார். ஏன் பாஸ் என்று கேட்டால், "நான் சொல்றேன்ல." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. இந்தக் குறைக்கு அவர் கொடுத்த விலை, கொலை செய்தவனுக்குக்கூட அதிகம்.

ஹெவின் ரோஸர் எங்கள் முன்னணி ஆட்டக்காரன். இருபத்தொரு வயது. மிஷின் பேக்டரியில் எலக்ட்ரீஷியன். அவன் அம்மாவும் நானும் ஒரே தேவாலயத்தில் பாடுகிறவர்கள், அதனால் நான் அவனுக்கு மென்னா ஆண்ட்டி. பந்து அவன் காலுக்கு வந்தால் மைதானத்தில் பேச்சு நின்றுவிடும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குள் இருபத்திரண்டு கோல் போட்டிருந்தான். இங்கிலாந்து கிளப்புகளின் ஆட்கள் எங்கள் டீக்கடையில் ரொட்டி தின்றுகொண்டு அவன் பெயரை நோட்டில் எழுதினார்கள். கோப்பைப் போட்டியின் மூன்றாம் சுற்றில் லண்டனின் பெரிய கிளப் ஒன்று எங்கள் சேற்று மைதானத்துக்கு வந்து எங்களோடு ஆட வேண்டும் என்று சீட்டு விழுந்தது. ஊரே பைத்தியமானது. டிக்கெட் வரிசை தபால் ஆபீஸைத் தாண்டி நின்றது.

அந்தக் கோப்பை ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒரு சாதாரண ஆட்டத்தில் ஹெவினின் இடது முட்டி திரும்பியது. ஞாயிறு காலை குளத்துக்கு வரவழைத்து எம்லின் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷம் தன் முட்டியைத் தடவிய கை அது. ஆறு வாரம் ஓய்வு என்றார். "ஏன் பாஸ்? லேசாத்தான வலிக்குது." "நான் சொல்றேன்ல."

இப்போது மால்ட்வின் பேனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமிட்டித் தலைவர். அதற்கு முன்பே சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவோ வசதி. ஆனால் என் அப்பா நிலக்கரித் தூசியில் நுரையீரல் போய் மூச்சுக்குத் தவித்தபோது, நஷ்டஈட்டுக்காக டாக்டர் டாக்டராக அலைந்தவர் மால்ட்வின்தான். நல்லவர்கள் சேர்ந்து செய்கிற அநியாயத்தைக் கேட்க ஆளே இருக்காது என்று அந்தக் கமிட்டிக் கூட்டத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம். சங்கத்தில் ஓட்டெடுத்தால் முதல் முறை அவரவர் மனசுப்படி கை தூக்கலாம். முடிவு தெரிந்ததும் தலைவர் இரண்டாம் முறை கேட்பார். அப்போது எல்லாரும் கை தூக்க வேண்டும், எதிர்த்தவர்களும்தான். எவன் தயங்கினான் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. அறையில் நடந்ததைப் புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. எங்கள் அப்பாக்கள் பட்டினி கிடந்த வேலைநிறுத்தங்களைத் தாங்கிப் பிடித்தது அந்த இரண்டாவது கைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் வைக்கத் தெரியவில்லையே எங்களுக்கு. தோட்டச் சங்கத்தில் இரண்டாவது கை. பாடகர் குழு எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதற்கு இரண்டாவது கை. கால்பந்து கிளப்பில் யார் ஆடுவது என்பதையும் கமிட்டிதான் கடைசியாக முடிவு செய்யும். அதற்கும் இரண்டாவது கை. மேனேஜருக்கு ஏழில் ஒரு ஓட்டு.

செவ்வாய் சாயங்காலம் தொழிலாளர் மன்றத்து மாடியில் ஏழு பேரும் உட்கார்ந்தோம்.

மால்ட்வின் ஆரம்பித்தார். "எம்லின், கார்டிஃப்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. சனிக்கிழமை மத்தியானம் வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போவாரு. பையன் ஜோரா ஓடுவான்."

"ஓடுவான். உள்ள எது கிழியுதுன்னு தெரியாம ஓடுவான்."

"நீயே போட்டுக்கிட்டு ஆடுனவன்தான?"

"அதனாலதான் சொல்றேன். நான் மாடிப்படி எறங்கறத பாத்திருக்கல்ல, மால்ட்வின்?"

கறிக்கடை வாட்கின், எங்கள் கமிட்டியின் கோமாளி, சும்மா இருக்க மாட்டார். "பாத்திருக்கோம், பாத்திருக்கோம். நம்ம டிபென்ஸ் மாதிரியே பின்னாடி பின்னாடி போவ." எல்லாரும் சிரித்தோம். எம்லினும் சிரித்தார். அப்போதுகூட இது ஒரு சாதாரண கூட்டமாக முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

மால்ட்வின் குரலைத் தாழ்த்தினார். "சுரங்கத்த மூடப்போறாங்கன்னு பேச்சு. அடுத்த வருஷம் இந்த ஊர்ல எத்தன பேருக்குச் சம்பளம் இருக்கும்னு தெரியாது. ஒரு சனிக்கிழமை, எம்லின். ஒரே ஒரு சனிக்கிழமை சனங்களுக்குக் குடு."

"என் முட்டியக் கேளு, குடுக்கறேன். அவன் முட்டி என்னுது இல்ல. உன்னுதும் இல்ல." அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மேலேயும் பேசினார். "இந்த மைதானத்துல நான் பாத்ததுலயே அவன்தான் ஒசத்தி. ஆறு வாரம் வுட்டீங்கன்னா மார்ச்சுல அவன் எந்த கிளப்புக்கு வேணும்னாலும் போவான். சனிக்கிழமை ஊசி போட்டீங்கன்னா என்ன மாதிரி ஆவான். அதுவும் முந்நூறு ஆட்டம் ஆடாமலே."

ஓட்டெடுத்தார்கள். ஊசி போட்டு ஆட வைக்க நாலு கை. எதிராக எம்லின், வாட்கின், நான். ஒரே ஒரு கை வித்தியாசம்.

"இப்ப ரெண்டாவது," என்றார் மால்ட்வின்.

கைகள் எழுந்தன. வாட்கினின் கையும். என் கையும். யோசித்துத் தூக்கினேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், தும்மல் மாதிரி தானாக வந்தது. பேனாவோடு சேர்த்துத் தூக்கியிருந்தேன். எம்லினின் இரண்டு கைகளும் டீக் கோப்பையைச் சுற்றி அப்படியே இருந்தன.

"எம்லின். கை."

"இதுக்கு என் கை வராது, மால்ட்வின்."

"ஓட்டுல நீ தோத்துட்ட. அது தப்பில்ல. ஆனா இந்தக் கைய தூக்காம எங்கப்பன் இந்த ரூம்ல இருந்ததில்ல, உங்கப்பனும் இருந்ததில்ல."

"எங்கப்பனே வந்து கேட்டாலும் வராது."

"அப்ப நீ எங்களோட இல்ல. இனி மேனேஜரும் இல்ல."

எம்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மரப்படியில் அவர் பின்பக்கமாக இறங்குகிற சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது. பத்தொன்பது படி. யாரும் எழுந்து கதவைச் சாத்தவில்லை, யாரும் அவர் பின்னால் போகவும் இல்லை. பிறகு மால்ட்வின் என்னைப் பார்த்து, "எழுதும்மா," என்றார். நான் எழுதினேன்: ஏகமனதாக. எதிர்த்தவர்தான் அறையில் இல்லையே, கணக்குச் சரிதான்.

அறையில் நடந்தது வெளியே போகக் கூடாது என்பது விதி. அந்த விதியின் லட்சணத்தைப் பாருங்கள். விடிவதற்குள் ஊர் முழுக்க ஒரு பாதி போய்விட்டது: எம்லின் இரண்டாவது கையைத் தூக்கவில்லை. எதற்கு என்கிற மறு பாதி அறைக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. குற்றம் மட்டும் கசிந்தது, காரணம் கசியவில்லை. எங்கள் ஊரில் மனைவியை அடித்தவனுக்குக்கூட மதுக்கடையில் இடம் உண்டு. கை தூக்காதவனுக்குக் கிடையாது. புதன்கிழமை ரொட்டிக்கடைக்காரி எம்லினைப் பார்க்காத மாதிரி அடுத்த ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். அவர் அவள் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தார்.

ஹெவினிடம் மால்ட்வினே போய்ச் சொன்னார். "உன்ன டீம்ல போடமாட்டேன்னு எம்லின் ஒத்தக்கால்ல நின்னாருப்பா. நாங்கதான் உனக்காக நின்னோம்." இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய் இல்லாமலே இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று சங்கத்தில்தான் கற்றிருப்பார். ஹெவின் என்ன நினைப்பான்? முட்டி வலியோடு நாலு வருஷம் ஆடிய மனுஷர், லேசான வலிக்குத் தன்னை உட்கார வைக்கிறார் என்றால் தான் லாயக்கில்லை என்று நினைக்கிறார், இப்படித்தான் அவன் புரிந்துகொண்டான். வெள்ளிக்கிழமை எம்லின் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார். அவன் அப்பா கதவில் நின்றுகொண்டு, "கை தூக்காதவன் என் வாசப்படி மிதிக்க வேணாம்," என்று சொல்லிச் சாத்திவிட்டார். ஹெவின் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஆறாயிரம் பேர். குட்டிச்சுவர் மேலும் கொட்டகைக் கூரை மேலும் ஆள். டாக்டர் வந்தார், போட்டார், போனார். இருபத்துமூன்றாவது நிமிஷம் ஹெவின் தலையால் முட்டி கோல் போட்டான். அந்தச் சத்தம் நீச்சல் குளம்வரை கேட்டதாம். குளம் சனிக்கிழமையும் திறந்திருக்கும். ஊரில் ஒருவரும் குளிக்கப் போகவில்லை. எம்லின் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்தெட்டாவது நிமிஷம் ஹெவின் பந்தோடு திரும்பினான். ஒருவரும் அவனைத் தொடவில்லை. விழுந்தான். வலிக்கவில்லையே, அதனால் சிரித்துக்கொண்டே எழுந்தான். ஒரு அடி வைத்தான். முழங்காலுக்குக் கீழே கால் தன்பாட்டுக்கு வேறு பக்கம் போனது. அப்போதும் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது. எனக்குப் பக்கத்தில் கூட்டத்தோடு பாடிக்கொண்டு நின்ற அவன் அம்மா பாட்டை நிறுத்தினாள். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். டிவியில் எங்கள் ஊரின் வீரத்தைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள்.

நாலு ஆபரேஷன். ஹெவின் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. எம்லினும் எந்த அணிக்கும் மேனேஜராகவில்லை. கேட்டு வந்த கிளப்புக்காரர்கள் மால்ட்வினிடம் விசாரிப்பார்கள். "நல்ல கோச். ஆனா கமிட்டியோட நிக்கமாட்டாரு," என்று அவர் நியாயமாகச் சொல்லுவார். எம்லின் குளத்திலேயே இன்னும் இருபத்தோரு வருஷம் கிடந்தார். ஊர்க் குழந்தைகளெல்லாம் அவரிடம்தான் நீச்சல் கற்றார்கள். மால்ட்வினின் பேத்திகளும்.

ஒரு முறை, ஒரே ஒரு முறை, குளத்தில் யாரும் இல்லாத நேரத்தில் கேட்டேன். "ஹெவின்கிட்ட நீங்களே சொல்லிடலாம்ல?"

"என்னன்னு சொல்ல, மென்னா? நான் அப்பவே சொன்னேன் பாருன்னா? ஒரு நொண்டி இன்னொரு நொண்டிகிட்ட போயா?" துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னார். பிறகு, "நீ சொல்லியிருக்கலாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

அப்போதும் நான் சொல்லவில்லை. விதியாம். சுரங்கத்தை மூடினார்கள், சங்கம் போனது, மன்றத்தில் பிங்கோ ஆடினார்கள், மால்ட்வினும் போய்ச் சேர்ந்தார். காப்பாற்ற எதுவும் இல்லாத இடத்தில் நான் அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, அதுதான் நிஜம். வெட்கத்துக்கு விதி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஹெவின் இப்போது ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறான். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத பஸ், அதனால் அந்த இடது கால் சும்மா இருக்கலாம். அடக்கத்துக்கு அவன் வரவில்லை. திங்கட்கிழமை நான் சந்தைக்குப் போய்விட்டு அவன் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். என்னைத் தவிர நாலு பேர்.

"பேப்பர் பாத்தீங்களா, ஆண்ட்டி?" என்றான் ரோட்டைப் பார்த்தபடியே. "மனமொத்து வெலகினாராம். என்ன ஆட வுட மட்டும் அந்தாளுக்கு மனசு ஒத்துக்கல."

அதற்கு மேல் தாங்கவில்லை. சொன்னேன். ஊசி, நாலுக்கு மூன்று, டீக் கோப்பை, ஆறு வாரம், மார்ச் மாதம், 'இந்த மைதானத்துல நான் பாத்ததுலயே அவன்தான் ஒசத்தி', எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக் கதவைத் தட்டியது ஊசி வேண்டாம் என்று சொல்லத்தான் என்றும் சொன்னேன். பேசப் பேச பஸ் மெதுவாகி, சாலையோரம் ஒதுங்கி நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

"ஒசத்தின்னா சொன்னாரு?"

"ஆமா."

"நீங்க?"

"மொத தடவ தூக்கல. ரெண்டாந்தடவ தூக்கினேன்."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "இருபத்திநாலு வருஷம் இந்த பஸ்ல ஏறினாரு, ஆண்ட்டி. தினம் காலைல ஏழு பத்துக்கு. ரிட்டையர் ஆன பொறவும் ஏறினாரு, சும்மா டவுன் வரைக்கும் போயிட்டு வருவாரு. 'மார்னிங், ஹெவின்'பாரு. நான் அந்தாளு மூஞ்சிய பாத்ததில்ல. டிக்கெட்ட மட்டும் நீட்டுவேன். ஒரு தடவகூட, ஆண்ட்டி. மறுநாளும் வந்து 'மார்னிங், ஹெவின்'பாரு."

மடியில் இருந்த சந்தைப் பையை இழுத்துச் சரிசெய்தேன்.

"பஸ்ல அவருக்குப் பின்னாடி சீட்ல நீங்க உக்காந்திருப்பீங்க," என்றான். பிறகு கதவைத் திறக்கிற பட்டனை அழுத்தினான். "எறங்குங்க."

அது நிறுத்தம் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு இன்னும் இரண்டு மைல். பஸ்ஸில் இருந்த நாலு பேரில் ஒருவரும், பாவம் வயசானவங்க, போகட்டும் விடு என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.